மலை ஏன் பச்சையா வந்தது? ஹெச்டிஆர் புகைப்படத்தின் கதை

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு மலையில இருந்து ஆரம்பிக்கலாம்.

போன சீசன் முடிஞ்ச கையோட நானும் நாலு நண்பர்களும் கொழுக்குமலை போயிருந்தோம். மலை தேனி மாவட்டத்தில இருக்கு, ஆனா ஜீப் ஏறுறது கேரளப் பக்கம் சூரியநெல்லியில. விடியற்காலை நாலு மணி. அந்தப் பாதையைப் பத்திப் பேச வேண்டாம், என் முதுகுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. மேலே போய் நின்னா, கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். சூரியன் எழும்பும்போது எதிர்ல இருந்த மலைமுகடு கன்னங்கரேல்னு நிக்குது. அதோட விளிம்புல மட்டும் ஒரு ஆரஞ்சுக் கோடு. கொஞ்ச நேரம் யாரும் பேசல.

அப்புறம் எல்லாரும் செய்யறதைத்தான் நானும் செஞ்சேன். ஃபோனை எடுத்து க்ளிக். திரையைப் பார்த்தா மலை பச்சையா இருக்கு! தேயிலைச் செடியை வரிசை வரிசையா எண்ணலாம். வானம் நீலம். படத்துல குறை சொல்ல எதுவும் இல்ல. ஆனா நான் பார்த்தது கருப்பு மலை. இந்தப் பச்சை மலையை நான் பார்க்கவே இல்லை.

மலை பச்சையா இருக்கணும்னு யார் முடிவு பண்ணாங்க? இந்த எபிசோடின் கேள்வி இதுதான். பதிலைத் தேடினால் சுமார் 170 வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஹெச்டிஆர் என்றால் ஹை டைனமிக் ரேஞ்ச். ஒரு காட்சியில் இருக்கும் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருட்டான இடத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் டைனமிக் ரேஞ்ச். அதை ‘ஸ்டாப்’ என்ற அளவால் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. பத்து ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு. இன்றைய நல்ல கேமரா சென்சார் ஒரே க்ளிக்கில் சுமார் 14 ஸ்டாப் வரை பிடிக்கும். சூரியனே ஃபிரேமுக்குள் இருக்கும் விடியற்காலைக் காட்சிக்கு அதுவும் போதாது. அதை அச்சடிக்கும் தாளோ இன்னும் மோசம். வெள்ளைத் தாளுக்கும் கருப்பு மைக்கும் நடுவில் ஏறக்குறைய நூறு மடங்கு வித்தியாசம்தான், ஆறேழு ஸ்டாப்.

ஆக, இதில் இரண்டு வேலை இருக்கிறது. அத்தனை வெளிச்சத்தையும் எப்படியாவது சேகரிக்கணும். சேகரித்ததை ஒரு சின்னத் தாளுக்குள்ளோ திரைக்குள்ளோ அடக்கணும். ஹெச்டிஆர் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையைத்தான் பேசுவார்கள். எனக்கென்னவோ கதை முழுக்க இரண்டாவதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

சரி, பிரான்ஸுக்குப் போவோம். குஸ்தாவ் லெ க்ரே. 1820-இல் பிறந்தவர். ஓவியராக ஆசைப்பட்டு, பால் தெலாரோஷ் என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் பயின்றவர். பிறகு புகைப்படத்துக்கு வந்தார். 1850-களில் ஃபோட்டோகிராபர்களுக்கு ஒரு பெரிய தலைவலி: வானம். அன்றைய நெகட்டிவ் ரசாயனம் நீல வெளிச்சத்துக்கு அளவுக்கு மீறி உணர்வு காட்டும். சிவப்பு, மஞ்சள், பச்சைக்கு ரொம்ப மந்தம். தரை சரியாக விழும்வரை எக்ஸ்போஷர் கொடுத்தால் வானம் வெளுத்துப் போகும், மேகம் காணாமல் போகும். மேகத்துக்காகக் குறைத்தால் தரை இருண்டுவிடும். பழைய படங்களில் வானம் வெறும் வெள்ளையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு மேகமே இல்லை என்று அர்த்தம் இல்லை.

லெ க்ரே 1856, 57 வாக்கில் கடலைப் படமெடுக்கப் போனார். தென் பிரான்ஸில் செத் என்ற துறைமுக ஊரில் எடுத்த ‘பெரிய அலை’ என்ற படம் 1857-ஐச் சேர்ந்தது. அதில் அலையும் இருக்கும், மேகமும் இருக்கும். எப்படி? இரண்டு நெகட்டிவ். ஒன்று கடலுக்கு, இன்னொன்று வானத்துக்கு. பிரிண்ட் போடும்போது வானப் பகுதியை மறைத்துக் கடலை அச்சிடுவார், பிறகு கடலை மறைத்து வானத்தை. இரண்டும் தொடுவானத்தில் சேரும்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. ஏன் கடல்? கடலுக்குத் தொடுவானம் நேர்கோடு. ஸ்கேல் வைத்த மாதிரி வெட்டி ஒட்டலாம். அதே வேலையை ஒரு தென்னந்தோப்பில் செய்ய முடியுமா? ஒவ்வொரு கீற்றுக்கும் நடுவில் வானம் தெரியுமே! இன்றைக்கும் நீங்கள் மூன்று படம் எடுத்து சாஃப்ட்வேரில் சேர்க்கும்போது காற்றில் ஆடின கிளைகள் பேய் மாதிரி இரட்டையாக விழுகிறதல்லவா, அது லெ க்ரே சாமர்த்தியமாகத் தவிர்த்த பிரச்சினை. பாதி இருட்டு, பாதி கண்ணாடியாக விற்கிறார்களே கிராஜுவேட்டட் ஃபில்டர், அதுவும் கடற்கரையில்தான் அழகாக வேலை செய்யும். மலைக்கு முன்னால் வைத்தால் சிகரத்தையும் சேர்த்து இருட்டாக்கிவிடும்.

அவர் இன்னொரு வேலையும் செய்தார். ஒரே மேக நெகட்டிவை வேறு வேறு கடல் படங்களில் பயன்படுத்தினார். வானத்தை மாற்றிக் கொடுக்கும் ஆப்களைப் பார்த்துச் சலித்துக்கொள்கிற நாம் இதை என்ன சொல்வது? ‘பெரிய அலை’யின் ஒரு பிரிண்ட் 1999-இல் லண்டன் ஏலத்தில் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அன்றைக்கு ஒரு புகைப்படத்துக்கு அது உலக சாதனை விலை.

ஆனா என்னைப் பிடித்து நிறுத்தியது இந்த ஒட்டுவேலை இல்ல. 1856-இல் அவர் எடுத்த ஒரு பாய்க்கப்பல் படம். லண்டனில் காட்சிக்கு வைத்தபோது பார்த்தவர்கள் நிலா வெளிச்சத்தில் எடுத்தது என்றே நினைத்தார்கள். உண்மையில் பட்டப்பகல். ஒரே நெகட்டிவ். மேகத்துக்கும் நீரில் மின்னும் வெளிச்சத்துக்கும் தகுந்தபடி எக்ஸ்போஷர் வைத்து, மீதியை இருளில் விட்டுவிட்டார். கப்பல் வெறும் நிழலுருவம். எல்லாவற்றையும் காட்டும் வித்தை கையில் இருந்த ஆள், இங்கே எதையும் காட்ட வேண்டாம் என்று விட்டிருக்கிறார்.

அது தற்செயல் இல்லை. ஒரு புகைப்படத்தின் அழகு சில விவரங்களைத் தியாகம் செய்வதில்தான் இருக்கிறது என்று லெ க்ரே தன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கலை விமர்சனத்தில் இதற்கு ‘தியாகக் கோட்பாடு’ என்றே பெயர். தெலாரோஷின் ஓவியக்கூடத்தில் கற்ற பாடத்தை அவர் கேமராவுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லலாம்.

அவருடைய வாழ்க்கை சோகமாக முடிந்தது. பாரிஸ் ஸ்டூடியோ கடனில் மூழ்கியது. 1860-இல் எழுத்தாளர் அலெக்சாந்தர் துய்மாவோடு கப்பலேறினார், வழியில் மனக்கசப்பாகி மால்டாவில் இறக்கிவிடப்பட்டார். கடைசியில் கெய்ரோவில் ஓவிய வாத்தியாராக இருந்து, 1884-இல் அங்கேயே இறந்தார்.

இந்தக் கதைக்கு நம்ம ஊரில் ஒரு கிளை இருக்கு. காகித நெகட்டிவுக்கு மெழுகு பூசும் முறையை 1851-இல் வெளியிட்டவர் இதே லெ க்ரே. அந்த வகை மெழுகுக் காகித நெகட்டிவோடு 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று சுற்றியவர் லின்னேயஸ் டிரைப். மதராஸ் ராணுவ அதிகாரி, மதராஸ் அரசின் அதிகாரபூர்வ புகைப்படக்காரர். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 துண்டாக எடுத்து, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஒட்டியவர். பனோரமா என்று ஃபோனைச் சுற்றுகிறோமே, அதன் பெரியப்பா.

டிரைப்புக்கும் அதே வானம்தான் பிரச்சினை. நம்ம ஊர் வெயிலில் இன்னும் மோசம். அவர் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் தூரிகையால் சாயம் பூசி மேகம் வரைந்தார். மர இலைகளையும் அங்கங்கே தொட்டுச் சரிசெய்தார். அவருடைய மதுரைப் படங்களைப் பார்க்கும்போது வானத்தை உற்றுப் பாருங்க. நீங்க பார்ப்பது 1858-ஆம் வருஷத்து மதுரை வானம்தானான்னு ஒரு சந்தேகம் வரணும். பிறகு சார்லஸ் ட்ரெவெல்யான் கவர்னராக வந்தார், இது ஆடம்பரச் செலவு என்று அந்தப் பதவியையே மூடிவிட்டார்.

நடுவில் வேதியியல் ஓடியது. 1873-இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர், நெகட்டிவில் சாயம் கலந்தால் பச்சைக்கும் உணர்வு வரும் என்று கண்டுபிடித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா நிறத்துக்கும் உணர்வுள்ள பிளேட்டுகள் கடைக்கு வந்தன. மஞ்சள் ஃபில்டர் போட்டால் மேகம் தானாக விழும். வெட்டி ஒட்டும் தேவை குறைந்தது.

அடுத்து அமெரிக்கா. ஆன்ஸல் ஆடம்ஸ். யோசெமிட்டி பள்ளத்தாக்கின் கருப்புவெள்ளைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். இளமையில் பியானோக் கலைஞராக வேண்டும் என்று பயிற்சி எடுத்தவர். நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு மாதிரி, பிரிண்ட் என்பது அதை வாசிப்பது மாதிரி என்ற ஒப்புமையை அடிக்கடி சொல்வார். 1939, 40 வாக்கில் ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து ‘ஸோன் சிஸ்டம்’ என்ற முறையை வகுத்தார். முழுக் கருப்புக்கு பூஜ்யம், முழு வெள்ளைக்கு பத்து, நடுச் சாம்பலுக்கு ஐந்து. காட்சியின் எந்தப் பகுதி எந்த எண்ணில் விழணும் என்பதை ஷட்டரை அழுத்தும் முன்னாடியே முடிவு செய்யணும். கான்ட்ராஸ்ட் அதிகமானால் ஃபிலிமை டெவலப்பரில் குறைந்த நேரம் வைத்து அடக்கலாம். ரசாயனத்தில் செய்த ஹெச்டிஆர் என்றே சொல்லலாம்.

1941 இலையுதிர்காலத்தில் ஒரு சாயங்காலம். நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன கிராமத்தைக் கடந்து காரில் வருகிறார். கூட மகன் மைக்கேலும் ஒரு நண்பரும். கீழ்வானத்தில் நிலா எழுந்திருக்கிறது. கல்லறைச் சிலுவைகளில் மட்டும் கடைசி வெயில். வண்டியை ஓரங்கட்டி, பெரிய கேமராவை மாட்டி, லைட் மீட்டரைத் தேடினால் கிடைக்கவில்லை! சூரியன் போய்க்கொண்டிருக்கிறது. அவருக்கு ஒன்று மனப்பாடம்: முழுநிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில். அதை ஏழாவது ஸோனில் வைத்து மனக்கணக்குப் போட்டார். எஃப் 32, ஒரு நொடி. இரண்டாவது ஷாட்டுக்கு ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகள் மேல் இருந்த வெயில் போய்விட்டது.

அந்த ஒரே நெகட்டிவில் நிலா சரியாக இருந்தது, தரைப்பகுதி மெலிந்து போயிருந்தது. 1948-இல் கீழ்ப்பகுதிக்கு மட்டும் மறுபடி ரசாயனம் கொடுத்து வலுவேற்றினார். நாற்பது வருடம் அதே நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் பிரிண்ட் போட்டார். ஒவ்வொன்றையும் கையால்தான். கீழே இருட்டாகாமல் இருக்க வெளிச்சத்தை மறைப்பார், அது டாட்ஜிங். வானத்தை இருட்டாக்கக் கூடுதல் வெளிச்சம் காட்டுவார், அது பர்னிங். வேடிக்கை என்னவென்றால், ஆரம்பகாலப் பிரிண்டுகளில் மேல்வானத்தில் மேகம் தெரியும். வயது ஏற ஏற வானத்தைக் கருப்பாக்கிக்கொண்டே போனார். பிந்தைய பிரிண்டுகளில் நிலாவுக்கு மேலே ஏறக்குறைய முழுக் கருப்பு. நெகட்டிவில் மேகம் இருந்தும் வேண்டாம் என்று விட்டார். லெ க்ரேயின் தியாகம் ஞாபகம் வருதா?

இப்போ ஒரு திருப்பம், கொஞ்சம் பயமான திருப்பம். மிக அதிக டைனமிக் ரேஞ்சை ஃபிலிமில் பிடித்தவர்கள் இயற்கைக் காட்சி எடுத்தவர்கள் இல்லை. அணுகுண்டைப் படமெடுத்தவர்கள். சார்லஸ் வைக்காஃப் என்பவர் அணு வெடிப்புச் சோதனைகளுக்காக ஒரு ஃபிலிம் உருவாக்கினார். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. ஒன்று மிக வேகம், ஒன்று நடுத்தரம், ஒன்று மிக மந்தம். வெடிப்பின் நடுப்பகுதி மந்தமான அடுக்கில் பதியும், சுற்றியுள்ள இருட்டு வேகமான அடுக்கில். மூன்று எக்ஸ்போஷர், ஒரே க்ளிக்.

பிறகு டிஜிட்டல். 1995-இல் எம்ஐடியில் ஸ்டீவ் மான், ரோசலிண்ட் பிகார்ட் இருவரும் பல எக்ஸ்போஷர்களைக் கணக்குப் போட்டு ஒன்றாக்கும் முறையை வெளியிட்டார்கள். 1997-இல் பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக். மாலிக் நம்ம நாட்டுக்காரர், கான்பூர் ஐஐடியில் படித்தவர். ஒரு தேவாலயத்தின் உட்புறத்தை 30 நொடியிலிருந்து 1/1000 நொடி வரை 16 படமாக எடுத்து, கண்ணாடி ஜன்னலின் வண்ணமும் கூரையின் இருட்டும் ஒரே தரவுக்குள் வரும்படி சேர்த்தார்கள். சேகரிக்கும் வேலை ஏறக்குறைய அங்கே முடிந்துவிட்டது.

அடக்கும் வேலை? அதற்கு டோன் மேப்பிங் என்று பெயர். 2002-இல் எரிக் ரைன்ஹார்டும் சகாக்களும் ஒரு முறை வெளியிட்டார்கள். அது எதை அடிப்படையாகக் கொண்டது தெரியுமா? ஆடம்ஸின் ஸோன் சிஸ்டம். கூடவே டாட்ஜிங், பர்னிங்கைத் தானாகச் செய்யும் கணக்கு. இருட்டறையில் கையை ஆட்டி ஆட்டிச் செய்ததை அல்காரிதம் செய்ய ஆரம்பித்தது. ஒரே ஒரு வித்தியாசம். இந்த மேகம் இன்னைக்கு வேண்டாம்னு அதுக்குத் தோணாது.

அதன் விளைவை 2005-க்குப் பிறகு ஃப்ளிக்கரில் பார்த்தோம். ஃபோட்டோமேட்டிக்ஸ் மாதிரி சாஃப்ட்வேர் எல்லார் கைக்கும் வந்தது. மலையைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம், சாணி நிற மேகம், நிழலே இல்லாத ஊர். ஹெச்டிஆர் என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது. நானும் அப்படி நூறு படம் போட்டவன்தான், அந்தக் கணக்கை அழிச்சாச்சு, தேடாதீங்க.

2010-இல் ஐஃபோன் 4-க்கு ஹெச்டிஆர் வந்தது. 2013, 14-இல் மார்க் லெவாய் குழு கூகுளில் செய்த ஹெச்டிஆர் பிளஸ் வேறு வழியில் போனது. வெவ்வேறு எக்ஸ்போஷருக்குப் பதில், ஒரே மாதிரி குறைந்த எக்ஸ்போஷரில் பல படங்களைச் சரசரவென்று எடுத்து, அடுக்கிச் சேர்ப்பது. வெளுப்பு தப்பிக்கும், நிழலில் இருக்கும் நாய்ஸ் சராசரியில் கரைந்துவிடும், ஆடுகிற கிளையையும் சமாளிக்கலாம். லெ க்ரேக்கு நேர்கோடு தேவைப்பட்டது, இதுக்குத் தேவைப்படல.

ஆக, மலை பச்சையா இருக்கணும்னு முடிவு பண்ணது யார்னா, நிழலைத் திறந்து காட்டினால் எல்லாருக்கும் பிடிக்கும் என்று பொதுவாக அனுமானித்த ஒரு கணக்கு. அது என்னோட கொழுக்குமலையைப் பார்த்ததில்லை.

நல்லவேளையா அன்னைக்கு ட்ரைபாடும் கேமராவும் கொண்டு போயிருந்தேன். இந்த வரலாறெல்லாம் படித்த பிறகு நான் இப்போ எப்படிச் செய்யறேன்னு சொல்றேன், பிடிச்சா எடுத்துக்கோங்க. எடுக்கும்போது பேராசை இருக்கலாம், தப்பில்லை. ஐஎஸ்ஓ குறைவாக, ரா ஃபார்மட்டில், அப்பெர்ச்சரைத் தொடாமல் ஷட்டரை மட்டும் மாற்றி, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம். சூரியன் ஃபிரேமில் இருந்தால் ஐந்து. ஃபிலிமில் நிழலுக்கு எக்ஸ்போஸ் செய் என்பார்கள், டிஜிட்டலில் தலைகீழ். வெளுத்துப்போன ஹைலைட் திரும்பி வராது, அதனால் மிக இருட்டான படத்தின் ஹிஸ்டோகிராம் வலது சுவரில் முட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். காற்று அடித்தால் மெர்ஜ் செய்வதையே விட்டுவிட்டு ஒரே ராவில் வேலை செய்வேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஞ்சத்தனம். நிழல் ஸ்லைடரைத் தொடும் முன்னால், இந்தப் படத்தில் எது கருப்பாகவே இருக்கப்போகிறது என்று ஒரு இடத்தைக் குறித்துக்கொள்வேன். அங்கே கை வைப்பதில்லை. மலை முகட்டை 100 சதவிகிதத்துக்குப் பெரிதாக்கி, விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் எங்கேயோ அளவு மீறிவிட்டேன். தரை எந்தக் காரணத்துக்காகவும் வானத்தைவிடப் பிரகாசமாகக் கூடாது, பனிமலையோ வெள்ளை மணலோ தவிர. ஃபோனில் எடுப்பவர்கள் திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தாலே போதும், பாதி கிணறு தாண்டின மாதிரி. அப்புறமும் ஃபோன் தன் வேலையைக் காட்டும், ஆனால் கொஞ்சம் அடங்கும்.

அன்றைக்கு எடுத்த ஐந்து படத்திலிருந்து என் கொழுக்குமலையைச் செய்து முடிக்க மூன்று ராத்திரி ஆச்சு. மேகக்கடலில் மடிப்பு தெரியுது, ஆரஞ்சுக் கோடு இருக்கு, முகடு கருப்பு. தேயிலை இல்லை. கூட வந்த நண்பர்கள் குரூப்பில் போட்டேன். ஒருத்தன் மட்டும், ‘ஆமாடா, இப்படித்தான் இருந்துச்சு’ன்னான். மத்தவங்க தம்ஸ் அப்.

அம்மாகிட்ட ரெண்டையும் காட்டினேன். கொஞ்ச நேரம் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, ‘இதுல ஒண்ணுமே தெரியலையேப்பா, அந்தப் பச்சை மலையை அனுப்பு’ன்னாங்க. அதுதான் இப்போ அவங்க வாட்ஸ்அப் டிபி.